மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சமாதானப் பயணம்

1994ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த 73 வயது முதியவர் ஒருவர், தோட்டத்துப் புல்லை வெட்டப் பயன்படும் சிறிய வண்டியில் ஏறி உட்கார்ந்து, அதன் பின்னால் ஓர் இழுவைப் பெட்டியை மாட்டிக்கொண்டு, பக்கத்து மாநிலமான விஸ்கான்சினை நோக்கிப் புறப்பட்டார். அவர் பெயர் ஆல்வின் ஸ்ட்ரெய்ட். பார்வை மங்கிவிட்டதால் அவரிடம் கார் ஓட்டும் உரிமம் இல்லை. பிறர் ஓட்டும் வண்டியில் போகவும் மனம் ஒப்பவில்லை. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட 80 வயது அண்ணனை நேரில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். போக வேண்டிய தொலைவு ஏறத்தாழ 240 மைல், அதாவது 386 கிலோமீட்டர். வண்டியின் வேகமோ மணிக்கு எட்டு கிலோமீட்டர். வண்டி பழுதாகி, கைப்பணம் தீர்ந்து, அரசு உதவித்தொகைக் காசோலை வரும்வரை வழியிலேயே காத்துக் கிடந்து, ஆறு வாரங்களில் அண்ணன் வீட்டை அடைந்தார்.

இந்த நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 1999இல் வெளிவந்த படம் ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’. இயக்கியவர் டேவிட் லிஞ்ச். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படங்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்க வேண்டிய இந்தப் படம், பெரும்பாலும் யார் வாயிலும் வருவதே இல்லை. ஏன் அப்படி ஆயிற்று என்பதையும், இந்தப் படம் நம் மனத்தைத் தொடுவது எந்த வழியில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏனெனில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

செய்தித்தாளில் ஆல்வினைப் பற்றிப் படித்து, இதைப் படமாக்க வேண்டும் என்று முதலில் விரும்பியவர் மேரி ஸ்வீனி. லிஞ்சின் படங்களுக்குப் படத்தொகுப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர். விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்தவர். கதையைப் படமாக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள், 1996இல், ஆல்வின் இறந்துவிட்டார். பிறகு ஸ்வீனியும் அதே மாநிலத்தைச் சேர்ந்த அவருடைய நெடுநாள் நண்பர் ஜான் ரோச்சும் ஆல்வின் சென்ற பாதையில் பயணம் செய்து, அவரைப் பார்த்தவர்களோடு பேசித் திரைக்கதையை எழுதினார்கள். மக்காச்சோள வயல்களுக்கு நடுவே வாழும் மக்களின் பேச்சு, அவர்கள் பேசாமல் விடும் இடங்கள், உதவி செய்யும்போதுகூட அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத கூச்சம் ஆகியவை இந்தப் படத்தில் இவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு, எழுதிய இருவரும் அந்த மண்ணின் பிள்ளைகள் என்பதே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

லிஞ்ச் அதுவரை எடுத்த படங்களோ கனவும் கொடுமையும் கலந்தவை. ‘புளூ வெல்வெட்’, ‘லாஸ்ட் ஹைவே’ போன்ற படங்களைத் தந்தவர், பண்ணை நிலத்துக் கிழவர் ஒருவர் சாலையோரமாக ஊர்ந்து செல்லும் கதையை எடுக்கிறார் என்றபோது, அவருடைய ரசிகர்களில் பலர் இதை ஒரு விலகலாகவே எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு, பிரிட்டிஷ் நிறுவனங்களின் பணத்தில் உருவாகி, கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட இந்தப் படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது டிஸ்னி நிறுவனம். தணிக்கையில், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று பொருள்படும் ‘ஜி’ சான்றிதழ் கிடைத்தது. லிஞ்சின் படங்களில் இந்தச் சான்றிதழைப் பெற்றது இது ஒன்றே. ஆனால் டிஸ்னி என்ற பெயரை நம்பிப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருக்கோ, பாட்டும் பேசும் விலங்குகளும் இல்லாத, 73 வயதுக் கதாநாயகனைக் கொண்ட படம் எந்த வகை என்றே விளங்கவில்லை. இரண்டு தரப்பும் இப்படி ஒதுங்கிவிட, ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 60 லட்சம் டாலர் அளவுக்கே வசூலித்தது. விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள், கூட்டம்தான் வரவில்லை. தன் படங்களிலேயே மிகச் சோதனைத்தன்மை வாய்ந்தது இதுதான் என்று லிஞ்ச் சொன்னதுண்டு. படத்தை ஒருமுறை பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் புரியும்.

அந்தச் சோதனை முதலில் வேகத்தில் இருக்கிறது. தொடக்கத்திலேயே இயக்குநர் இதற்கு நம்மைப் பழக்கத் தொடங்கிவிடுகிறார். ஒரு வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார். எழுந்து உள்ளே போகிறார். காமிரா அவரைத் தொடராமல், ஆல்வின் வீட்டுச் சன்னலை நோக்கி மெல்ல, மிக மெல்ல, நகர்கிறது. உள்ளேயிருந்து ‘தொப்’பென்று ஏதோ விழும் ஓசை. அந்தப் பெண் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. நமக்குக் கேட்டது. ஒரு மனிதர் தனியாக விழுந்து கிடக்கிறார் என்பதைக் காட்டாமலேயே உணர்த்திவிடுகிறது அந்தக் காட்சி. பிறகுதான் சமையலறைத் தரையில் எழ முடியாமல் கிடக்கும் ஆல்வினைப் பார்க்கிறோம். மருத்துவர் அவருடைய இடுப்பு, கண், நுரையீரல் ஆகியவற்றின் நிலையை எடுத்துச் சொல்லி, நடைச்சட்டம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆல்வின் மறுத்து, ஒரு கைத்தடிக்கு இரண்டாக வைத்துக்கொள்கிறார். வீட்டில் காத்திருக்கும் மகள் ரோஸிடம், தான் நூறு வயது வரை இருப்பேன் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறார்.

அன்று இரவோ மறுநாளோ என்று தெரியாத ஒரு மழையிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. அடுத்த அறையில் ரோஸ் திக்கித் திக்கிப் பேசுவது கேட்கிறது. காமிரா ஆல்வினின் முகத்திலேயே நிற்கிறது. சகோதரர் லைலுக்குப் பக்கவாதம். பத்தாண்டுகளாக அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. ‘தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்று நம்மிடையே சொல்வார்களே, அந்த ஆட்டம் எந்த வசனமும் இல்லாமல், மின்னல் வெளிச்சத்தில் ஒரு கிழவரின் முகத்தில் நடக்கிறது. மறுபேச்சுக்கு இடமின்றி அவர் முடிவெடுத்துவிடுகிறார்.

முதல் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே நின்றுவிடுகிறது. லாரியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து, வேட்டைத் துப்பாக்கியால் அதைச் சுட்டு எரித்துவிட்டு, 1966ஆம் ஆண்டு ஜான் டீர் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் மறுபடி கிளம்புகிறார். உண்மையான ஆல்வின் ஓட்டியதும் 1966ஆம் ஆண்டு வண்டிதான். இதன்பிறகு வரும் ஒரு காட்சிதான் படத்தின் இலக்கணம் முழுவதையும் சொல்லிவிடுகிறது: சாலையில் செல்லும் ஆல்வினைக் காட்டும் காமிரா மெல்ல மேலெழுந்து வானத்தைப் பார்க்கிறது, சற்று நேரம் அங்கேயே நிற்கிறது, மீண்டும் கீழே இறங்குகிறது. ஆல்வின் சில அடி தூரம்தான் நகர்ந்திருக்கிறார். திரையரங்கில் சிரிப்பு எழும் இடம் இது. ஆனால் இந்தச் சிரிப்போடு சேர்ந்து, இந்த வேகத்துக்கு நம் மூச்சும் இறங்கிவந்துவிடுகிறது.

ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தொலைவை ஏன் இப்படிக் கடக்க வேண்டும்? வழியில் பலர் அவரைத் தங்கள் காரில் கொண்டுவிட முன்வருகிறார்கள். இறக்கத்தில் பட்டை அறுந்து வண்டி கட்டுப்பாடிழந்து பாய்ந்த பிறகு, அவருக்குத் தன் வீட்டுத் தோட்டத்தில் இடம் தரும் டேனி என்ற நல்ல மனிதர் மிகவும் வற்புறுத்திக் கேட்கிறார். ஆல்வின் நன்றி சொல்லி, தன் வழியிலேயே இதை முடிக்க விரும்புவதாகச் சொல்லிவிடுகிறார். வறட்டுப் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பத்தாண்டுக் கோபத்தைத் தொலைபேசியில் ஒரு சொல்லால் துடைத்துவிட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடல் வலிக்க, வெயிலிலும் மழையிலும் வந்து நிற்பதையே அவர் தன் மன்னிப்புக் கோரிக்கையாக ஆக்கிக்கொள்கிறார். நம் ஊரில் வேண்டுதலுக்கு நடந்தே மலைக்குப் போகிறவர்களிடம், பேருந்து இருக்கிறதே என்று யாரும் சொல்வதில்லை. இந்த மெதுவான பயணமும் அந்த வகையைச் சேர்ந்தது.

இந்தப் பயணத்தில் அவர் சந்திக்கும் மனிதர்களின் வழியாகவே ஆல்வினின் முழு வாழ்க்கையும் நமக்குத் தெரியவருகிறது. இரவில் அவர் மூட்டிய தீயருகே, வீட்டைவிட்டு ஓடிவந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வந்து உட்காருகிறாள். தன் குடும்பத்தார் தன்னை வெறுப்பார்கள் என்கிறாள். ஆல்வின் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறார்: மனைவி பெற்ற 14 குழந்தைகளில் பிழைத்தவை ஏழு. மகள் ரோஸைப் பற்றியும் சொல்கிறார். சிலர் அவளை அறிவு மந்தமானவள் என்று நினைக்கிறார்கள். அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அவளுக்கு நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். வேறொருவர் பொறுப்பில் இருந்த வேளையில் வீட்டில் தீப்பிடித்து ஒரு மகனுக்குக் காயம் ஏற்பட, வளர்க்கும் தகுதி அவளுக்கு இல்லை என்று அரசு நான்கு பேரையும் எடுத்துக்கொண்டது. அவளோ இன்னமும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்காக ஏங்குகிறாள். இதைக் கேட்ட பிறகு, முன்பு சன்னலோரம் நின்று, தெருவில் பந்தைத் தொடர்ந்து வரும் ஒரு சிறுவனை ரோஸ் பார்த்துக்கொண்டிருந்த காட்சி நினைவில் வேறு பொருள் பெறுகிறது. சிஸ்ஸி ஸ்பேசெக் இந்த வேடத்தில் காட்டியிருக்கும் நிதானம் தனியே பேசப்பட வேண்டியது. திக்குவாயை அவர் அனுதாபம் தேடும் கருவியாக ஒரு கணமும் பயன்படுத்தவில்லை.

அப்போது ஆல்வின் அந்தப் பெண்ணுக்கு ஒரு கதை சொல்கிறார். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்து ஒடிக்கச் சொல்வாராம், எளிதாக ஒடித்துவிடுவார்கள். பிறகு குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்து ஒடிக்கச் சொல்வாராம், முடியாது. அந்தக் கட்டுதான் குடும்பம் என்பாராம். தமிழ்ப் பாடநூல் படித்த எவருக்கும் இது பழகிய கதை. பழகிய கதை என்பதாலேயே வேறொரு படத்தில் சலிப்பைத் தந்திருக்கும். இங்கே அதைச் சொல்பவர், தன் கட்டிலிருந்து ஒரு குச்சியைத் தானே உருவி எறிந்தவர். உடன்பிறந்தவரோடு பத்தாண்டு பேசாதிருந்த ஒருவர்தான் குடும்பத்தின் வலிமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அது தெரியும். அறிவுரை என்ற தோற்றத்தில் இருப்பது உண்மையில் ஒப்புதல் வாக்குமூலம். அந்தப் பெண் பதிலாக எதுவும் சொல்வதில்லை. காலையில் அவள் இல்லை; அவள் கட்டிவைத்துவிட்டுப் போன ஒரு குச்சிக்கட்டு தரையில் இருக்கிறது. அவள் வீடு திரும்பினாளா என்று படம் சொல்வதே இல்லை. இந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்ததால்தான் இது நல்ல படம்.

எல்லாச் சந்திப்புகளும் இந்தக் கனத்தோடு இருப்பதில்லை. ஏழு வாரத்தில் பதின்மூன்று மான்களைக் காரில் மோதிவிட்டதாகவும், தனக்கு மான்கள் என்றால் உயிர் என்றும் சாலை நடுவில் நின்று கதறும் பெண் ஒருவர் வருகிறார். வண்டியைப் பழுதுபார்க்கும் இரட்டையர்கள் வருகிறார்கள். ஓயாமல் சண்டையிட்டுக்கொள்ளும் அவர்களிடம் ஆல்வின் கூலியை உரிமையோடு பேரம்பேசிக் குறைத்துவிட்டு, தன் வயதை ஒட்டிய உடன்பிறந்தவனைப்போல் நம் வாழ்க்கையை அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதைச் சொல்கிறார். டேனியின் வீட்டுத் தொலைபேசியில் மகளோடு பேசியதற்கு, யாரும் கேட்காமலே, அதன் அடியில் பணத்தை வைத்துவிட்டுப் போகிறார். பெற்ற உதவி எதையும் கடனாக விட்டுவைக்காத அந்தத் தன்மானத்தைப் பார்க்கும்போது, சகோதரரிடம் பட்ட கடன் அவரை எவ்வளவு அரித்திருக்க வேண்டும் என்பது விளங்குகிறது.

மனத்தை இளக்கும் படம் என்ற பெயரில் வருபவை பல, தம் மாந்தரின் குற்றங்களைச் சிறிதாக்கிக் காட்டிவிடும். இந்தப் படம் அந்தச் சலுகையை ஆல்வினுக்குத் தருவதில்லை. மதுக்கூடம் ஒன்றில், இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற மற்றொரு முதியவரோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் இருப்பது பால். போரிலிருந்து குடிப்பழக்கத்தோடு திரும்பி, நெடுங்காலம் அதில் கிடந்து, மீண்டவர் ஆல்வின். மறைந்திருந்து சுடும் வீரராக இருந்த தான், இருட்டில் எதிரி என்று எண்ணிச் சுட்டது தன் படையைச் சேர்ந்த ஓர் இளைஞனையே என்று அவர் சொல்கிறார். எதிரியின் குண்டு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இருவரும் முன்பின் அறியாதவர்கள் என்பதால்தான் இதைச் சொல்ல முடிகிறது. போர்க்காட்சி எதுவும் திரையில் வருவதில்லை. மங்கிய ஓசைகள் மட்டும் கேட்கின்றன. கோபமும் தற்பெருமையும் குடியும் சேர்ந்தால் சகோதரர் இருவர் பத்தாண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள் என்று பின்னர் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியாரிடம் ஆல்வின் சொல்லும்போது, சண்டையின் காரணம் என்ன என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. படம் அதைக் கடைசிவரை சொல்லவும் இல்லை.

ஆல்வினாக நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் பிறந்ததும் உண்மையான ஆல்வின் பிறந்த அதே 1920இல்தான். முப்பதுகளின் இறுதியில் குதிரையேற்றச் சண்டைக் கலைஞராகத் திரைத்துறைக்கு வந்து, பல பத்தாண்டுகள் பிறருக்காகக் கீழே விழுந்து எழுந்த பிறகே வசனம் பேசும் வேடங்களுக்கு வந்தவர். படப்பிடிப்பின்போது புற்றுநோய் அவர் எலும்புகளுக்குப் பரவியிருந்தது. திரையில் நாம் காணும் தள்ளாட்டமும், இருக்கையிலிருந்து எழும்போது முகத்தில் ஓடும் வலியும் பெருமளவு அவருடையவையே. அந்த வலியோடுதான் 1998ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், உண்மையான ஆல்வின் சென்ற அதே சாலைகளில், கதை நடக்கும் வரிசையிலேயே காட்சிகளை நடித்துக்கொடுத்தார். பொதுவாகத் திரைப்படங்கள் செலவைக் கருதி முன்பின்னாகவே எடுக்கப்படும். இங்கே நாள்கள் நகர நகரப் பருவமும் மாறுகிறது. அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்குகின்றன, இலைகள் நிறம் மாறுகின்றன, நடிகரின் முகமும் களைத்துப் பழுக்கிறது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தபோது அவருக்கு வயது 79. அந்தப் பிரிவில் அதைவிட முதிய வயதில் ஒருவர் பரிந்துரைக்கப்பட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார்.

ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி பிரான்சிஸும் அப்போது எண்பதைத் தாண்டியவர். இரண்டு ஆஸ்கர் பெற்றவர். இதுவே அவருடைய கடைசிப் படம். மேலிருந்து பார்க்கும் வயல்களை அவர் அழகுக்காக மட்டும் காட்டவில்லை. அத்தனை பெரிய நிலத்தில் ஒரு சிறு வண்டி எப்படித் தெரியும் என்பதைக் காட்டுகிறார். ஆஞ்சலோ படலமென்டியின் இசையில் வயலினும் கிட்டாரும் முன்னே நிற்கின்றன. அழ வேண்டிய இடங்களில் அது பெரும்பாலும் ஒதுங்கி நின்றுகொள்கிறது.

முடிவு இன்னதென்று சொல்லிவிடுவதால் இந்தப் படத்துக்கு எந்த இழப்பும் இல்லை. லைலின் பழைய மரவீட்டின் முன் ஆல்வின் பெயர் சொல்லி அழைக்கிறார். சற்று நேரம் பதில் இல்லை. அந்த நேரத்தில் நமக்கு வரும் அச்சம் பெரிது. பிறகு லைலாக நடித்த ஹாரி டீன் ஸ்டான்டன், ஆல்வின் முதலில் வேண்டாம் என்று மறுத்த அதே வகை நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். உட்காரச் சொல்கிறார். புல்வெட்டி வண்டியைப் பார்க்கிறார். தன்னைப் பார்ப்பதற்காகவா இதிலேயே இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். ஆம் என்கிறார் ஆல்வின். மன்னிப்பு என்ற சொல் இருவர் வாயிலும் வருவதில்லை, தழுவலும் இல்லை. 112 நிமிடப் படத்தில் சில நிமிடங்களே தோன்றும் ஸ்டான்டனின் கண்களில் நீர் தேங்குவதைப் பார்க்கும்போது, முந்தைய ஒவ்வொரு கிலோமீட்டரும் ஏன் தேவைப்பட்டது என்பது தெரிகிறது. வேகமாக வந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க லைலுக்குக் காரணமே இருந்திருக்காது.

பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வன்முறையோ ஆபாசமோ எதுவும் இதில் இல்லை என்றாலும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இதன் நிதானம் பிடிபடாது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள், அதிலும் தாத்தா பாட்டியோடு வளரும் பிள்ளைகள், மான் காட்சியிலும் வண்டியைச் சுடும் காட்சியிலும் சிரித்துவிட்டுப் பிறகு கதையோடு ஒன்றிவிடுவார்கள். ரோஸின் பிள்ளைகளை அரசு ஏன் எடுத்துக்கொண்டது, மதுக்கூடத்தில் அந்த இருவரும் ஏன் அழுதார்கள் என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். படத்தை அங்கேயே நிறுத்திவைத்துப் பதில் சொல்லிவிட்டுத் தொடரலாம். இந்தப் படம் அதற்குக் காத்திருக்கும். முடிந்தால் வீட்டில் உள்ள பெரியவர்களையும் உடன் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில உரையாடல் குறைவு; இருப்பவையும் மெதுவாகப் பேசப்படும் எளிய வாக்கியங்கள். அவர்களுக்குத் தெரியாத செய்தி எதுவும் இந்தப் படத்தில் இல்லை.